கம்பின் மறுமுனை

அன்றைக்கு ஜீப்பில் இருந்தவர்கள்: வண்டி ஓட்டுகிற அண்ணன், அவருக்குப் பக்கத்தில் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகும் கங்காணியான என் மாமா. நடு சீட்டில் என் அம்மா, சித்தி, எங்கள் தெருவைச் சேர்ந்த இரண்டு பெண்கள். பின்னால் எதிரெதிர்ப் பலகைகளிலும் தரையிலுமாகக் காலனிப் பெண்கள் ஏழு பேர். அவர்களில் படியோரம் ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தவர் பஞ்சு. மொத்தம் பதின்மூன்று. அம்மாவின் மடியில் நான். என்னை ஓர் ஆளாகச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் அன்றைய வினையெல்லாம் ஆரம்பித்தது.

இப்போதும் பஸ்ஸில் ஏறியதும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிவிடுகிறேன். நடுவில் ஒருவர் இறங்கிவிட்டால் மனது கேட்காது, திரும்ப முதலிலிருந்து எண்ணுவேன். என் மகன் பார்த்துவிட்டுச் சிரிப்பான். டிக்கெட் கொடுக்கிறவரே அப்படி எண்ணுவதில்லை என்பான். பயம் வருவதற்கு எனக்குக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. அது முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும், காரணம் பிறகு வரும். ஆனால் இந்த ஒரு பழக்கத்துக்கு மட்டும் காரணம் உண்டு.

எங்கள் ஊர் கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகிற வழியில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய சின்ன ஊர். திராட்சையும் வாழையுமாகச் செழித்த மண் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அது சரி. எங்களுக்கு இருந்த துண்டு நிலத்தை ஒத்திக்கு வைத்துவிட்டு அப்பா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தார். அம்மா விடியுமுன் ஜீப்பேறி, மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டத்தில் காயெடுத்துவிட்டு, விளக்கு வைத்த பிறகு வீட்டுக்கு வருவாள்.

அது காலாண்டுப் பரீட்சை லீவு. வழக்கமாக என்னை விட்டுவிட்டுப் போகிற பக்கத்து வீட்டில் அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். வேறு யாரிடமும் விட அம்மாவுக்கு மனம் வரவில்லை. குளிக்கப் போனால்கூட என்னைக் கிணற்றுப் பக்கம் விடாதவள், கட்டிலிலிருந்து இறங்கும்போது கையைப் பிடித்து இறக்குகிறவள். ஆகவே தூக்குச்சட்டியோடு என்னையும் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

மலையேறத் தொடங்கியதும் எனக்குப் பயம் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒரு நிமிடம் ஆகாயத்தைப் பார்த்து நிற்கிற மாதிரி இருந்தது. சித்தி, கீழே பார்க்காதே என்று சொல்லும்போதெல்லாம் நான் கீழே பார்த்தேன். கம்பத்து விளக்குகள் கிணற்றுக்குள் கொட்டிக் கிடந்தவை போலத் தெரிந்தன. பின்னால் படியில் ஒரு காலோடு உட்கார்ந்திருந்த பஞ்சு விழுந்துவிடுவாரோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவரோ வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

“பிள்ள முழிக்கிற முழியப் பாத்தா, வண்டிய ஓட்டுறதே அதுதான்னு நெனப்பாக,” என்றார் டிரைவர் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும், சிரித்துக்கொண்டே ஓட்டினால் வண்டி விலகிவிடாதா என்று இருந்தது.

மலையுச்சியில், கேரள எல்லையில் இருக்கிற மெட்டுச் சோதனைச்சாவடிக்கு முந்தின வளைவில், ஒரு பெரிய பாறை மறைவில் வண்டி நின்றது. வண்டியில் இத்தனை பேரைக் கண்டால் சாவடியில் விடமாட்டார்கள். அதனால் தினமும் இங்கே சிலர் இறங்கி, காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் ஏறி, சாவடி தாண்டிய பிறகு ரோட்டில் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும்.

“நாலு பேர் இறங்குங்க,” என்றார் மாமா. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எந்த நாலு பேர் என்று யாரும் கேட்கவில்லை. பின்னாலிருந்து நாலு பேர் இறங்கினார்கள்.

டிரைவர் அண்ணன் மட்டும் என்னைக் காட்டி, “மாமா, இந்தப் பிள்ளைய என்ன செய்ய? தோட்டத்து வேலைக்குச் சின்னப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறாகளான்னு போன வாரந்தான் வண்டிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தாக. மாட்டுனா வண்டியவே பிடிச்சுப் போட்டுருவாக,” என்றார்.

“இதுகளோட அனுப்பிவிடு. கொஞ்ச தூரந்தான.”

அம்மா என்னையும் இடுக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். சித்தி அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“ஒக்காருக்கா. இன்னிக்கு நீ இறங்கி நடந்தேன்னா நாளைக்கு என்னைய இறங்குன்னு சொல்வாக. நம்ம தெருக்காரிக என்னைக்கு நடந்திருக்கோம்?”

அம்மா அப்படியே நின்றாள். மற்ற இரண்டு பெண்களும் அவளையே பார்த்தார்கள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா மெதுவாக உட்கார்ந்துவிட்டாள். என் காதுக்குள், “தண்ணி கிண்ணி குடுத்தா வாங்கிக் குடிச்சிராத. கையப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காத. நீயா நடக்கணும், சரியா,” என்றாள். பிறகு சத்தமாக, “ஏ பஞ்சு, புள்ள பயந்தாங்கொள்ளி. பாத்துக் கூட்டிட்டு வா,” என்றாள்.

பஞ்சு என் அம்மாவைவிட மூத்தவர். ஆனாலும் அம்மா அப்படித்தான் கூப்பிடுவாள். எட்டு வயதுப் பிள்ளையான நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் என்னை ‘ஆத்தா’ என்பார்.

ஜீப் போய்விட்டது. அதன் சிவப்பு விளக்கு வளைவில் மறைந்ததும் அழ ஆரம்பித்தேன். மற்ற மூன்று பேரும் அதற்குள் பாதையில் ஏறிவிட்டார்கள். அவர்களில் இளையவளான செல்வி மேலேயிருந்து கத்தினாள்: “ஏ அத்த, என்ன பொண்ணழைச்சுக்கிட்டா வாரிக? வெரசா வாங்க.”

“நீ முன்னாடி போயி என் பேருக்கும் சேத்து உள்ளேன் சொல்லிருடி.”

“அந்தாளு பல்லப் பிடிச்சுப் பாத்துத்தான் பேரு போடுவாரு. நீங்க வாங்க.”

அரைகுறை விடியல் வெளிச்சத்தில் பஞ்சு சுற்றிலும் பார்த்து, உண்ணிச்செடிப் புதரிலிருந்து ஒரு காய்ந்த கம்பை ஒடித்தார். முள்ளையெல்லாம் நகத்தால் கிள்ளிவிட்டு ஒரு முனையை என்னிடம் நீட்டினார். “இந்தா ஆத்தா, நீ இந்த முனையப் பிடிச்சுக்க. நான் அந்த முனையப் பிடிச்சுக்கிறேன். விட்டுறாத.”

மலையில் நடக்கிறவர்கள் இப்படித்தான் கம்பைப் பிடித்து நடப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் எனக்கு அது பிடித்தும் இருந்தது. ஊருக்குப் போனதும் சேக்காளிகளுக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அழுகையின் நடுவிலேயே முடிவு செய்தேன்.

பாதை செங்குத்தாக இருந்தது. நாலு அடி எடுத்துவைத்தால் இரண்டடி சறுக்கியது. கம்பு இழுபடும், பஞ்சு நிற்பார், நான் ஏறி வந்ததும் நடப்பார். மேலே போன மூவரின் பேச்சுச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

“ஆத்தா, கொஞ்சம் கால எட்டிப் போடு. திங்கக்கிழம காய்ச்சல்ல கெடந்து போகல. இன்னைக்கும் பேரு கூப்புடும்போது ஆளு இல்லேன்னா, வண்டியில வேற ஆள ஏத்திக்கிருவேன்னு உங்க மாமா சொல்லியிருக்காக. வேற வண்டின்னா கூடலூர் வரைக்கும் போகணும். எங்க வீட்டுல என் கூலி ஒண்ணுதான.”

அவர் என்னிடம் சொன்னாரா, கம்பிடம் சொன்னாரா தெரியாது. எட்டி வைக்கத்தான் பார்த்தேன். கால்கள் எட்டவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. அவருடைய இடுப்புச் சாக்கில் தண்ணீர்ப் பாட்டில் ஒன்று ஆடிக்கொண்டே போனது. அவர் அதை எனக்குக் கொடுக்கவும் இல்லை, தான் குடிக்கவும் இல்லை.

பாதி தூரம் ஏறியிருப்போம். மூடுபனி இறங்கிவிட்டது. முதலில் மரங்கள் போயின, பிறகு புதர்கள், பிறகு பஞ்சு. கம்பில் என் முனை தெரிந்தது. அவருடைய முனை தெரியவில்லை. வெள்ளையிலிருந்து நீண்டு வந்த ஒரு குச்சியை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அதன் மறுபக்கத்தில் இருப்பது பஞ்சுதானா என்று சந்தேகம் வந்தது. கூப்பிட்டுப் பார்க்கவும் பயமாக இருந்தது, வேறு யாராவது பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது.

அப்போதுதான் கம்பு நின்றது.

முன்னால் எங்கோ ஒரு கிளை முறிந்தது. அதற்குப் பின் ஒரு மூச்சு. மனிதர்கள் விடுகிற மூச்சில்லை. துருத்தியிலிருந்து வருவதைப் போல நீளமாக, ஈரமாக.

“காட்டுமாடு,” என்று வெள்ளைக்குள்ளிருந்து பஞ்சுவின் குரல் வந்தது. “நின்னது நின்னபடி நில்லு. அது போகட்டும்.”

நின்றோம். கம்பு நடுங்கியது. என் முனையிலிருந்து நடுங்கியதா அவர் முனையிலிருந்தா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மூச்சு நகர்வதாகத் தோன்றும், பிறகு அதே இடத்தில் கேட்கும். புல்லைப் பிடுங்குகிற சத்தம் வந்தது. அது சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தது. எனக்குக் கால்வழியே சூடாக இறங்கியது. கவுனை நனைத்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரிந்தால் அடிப்பாளே என்ற பயமும், அம்மாவை இனிப் பார்ப்பேனா என்ற பயமும் சேர்ந்து வந்தன.

எவ்வளவு நேரம் நின்றோமோ. பனி கொஞ்சம் விலகி, கறுத்த பாறை ஒன்று எழுந்து சரிவில் இறங்கிப்போவது போல ஓர் உருவம் போனது. பஞ்சு நீளமாக மூச்சு விட்டார். “வா ஆத்தா,” என்று கம்பை இழுத்தார். என்னால் நகர முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கம்பு கையிலிருந்து நழுவிவிட்டது.

அவர் இறங்கி வந்து என் முன்னால் குந்தினார். என் கவுனைப் பார்த்தார். மேலே பாதையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “தூக்கிக்கிறட்டா ஆத்தா?” என்று கேட்டார்.

பெரியவர்கள் என்னைத் தூக்கும்போது யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவர் மேலிருந்து ஏலக்காய்ச் சாறும் வியர்வையும் கலந்த வாசனை அடித்தது. தினமும் இருட்டிய பிறகு அம்மாவிடம் அடிக்கிற அதே வாசனை. கண்ணை மூடிக்கொண்டால் அம்மாவேதான்.

என்னையும் சாக்கையும் சுமந்துகொண்டு ஏறினார். காய்ச்சல் விட்ட உடம்பு. நெஞ்சுக்கூட்டில் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. கம்பை மட்டும் விடாமல் கையிலேயே வைத்திருந்தார். மரங்களுக்கிடையில் தார்ரோடு தெரிந்ததும் என்னை இறக்கிவிட்டு, கவுனைத் தட்டி நேராக்கி, முடியை ஒதுக்கிவிட்டு, கம்பின் முனையை மறுபடி நீட்டினார்.

“இதப் பிடிச்சுக்க ஆத்தா.”

சமதரையில் எதற்குக் கம்பு என்று நான் கேட்கவில்லை. பிடித்துக்கொண்டேன்.

ரோட்டில் ஜீப் இல்லை. செல்வியும் இல்லை, யாருமே இல்லை. பனிக்குள் ஒரு டீக்கடை விளக்கு மட்டும் எரிந்தது. அம்மா என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று முடிவே செய்துவிட்டேன். கடைக்காரர் மலையாளி, பாதித் தமிழில் விவரம் சொன்னார். வண்டியை அங்கே நிறுத்தக் கூடாது என்று சாவடியிலிருந்து வந்து விரட்டிவிட்டார்களாம். வந்து சேர்ந்த மூவரையும் ஏற்றிக்கொண்டு, தோட்டத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டுத் திரும்ப வருவதாகச் சொல்லிப் போனார்களாம். வண்டிக்குள்ளே ஒரு பெண் கத்திக்கொண்டே போனாளாம்.

“உங்கம்மாதேன். இப்ப வந்துரும்,” என்றார் பஞ்சு. பிறகு தனக்குத்தானே, “பேரு கூப்புட்டிருப்பாக,” என்றார்.

“இரிக்கு சேச்சி. எந்தா இத்ர லேட்டாயி?” என்றார் கடைக்காரர்.

“காட்டுமாட்டுக்கிட்ட மணி கேட்டுக்கிட்டு நின்னேன்.”

“அது எந்து பறஞ்சு?”

“ஒனக்கு இன்னைக்கு அரைக்கூலிதான்னு சொல்லுச்சு.”

கடைக்காரர் சிரித்தார். பஞ்சுவும் சிரித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார், ஒரு காலை மடித்து மேலே வைத்துக்கொண்டு. நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். எங்கள் ஊரில் அவர் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலுக்கு வெளியே, வாய்க்கால் கல்லில் குந்துவார். அவருக்கு அதுதான் வசதி என்று நினைத்திருந்தேன்.

கடைக்காரர் உள்ளே பார்த்து, “பஞ்சவர்ணம் சேச்சிக்கு ஒரு கட்டன் சாயா,” என்று குரல் கொடுத்தார். அப்படி ஒரு முழுப் பெயர் அவருக்கு இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் காலில் அட்டைகள் கடித்து ரத்தம் வழிந்தது. கடைக்காரர் உப்புக் கிண்ணத்தை நீட்டினார். என்னைப் பார்த்து, “மோளோ?” என்று கேட்டார்.

“இல்ல. எங்க ஊருப் பெரிய வீட்டுப் பிள்ள.”

மழைக்கு ஒழுகுகிற எங்கள் ஓட்டு வீட்டை நினைத்துக்கொண்டு, இவர் யாரைச் சொல்கிறார் என்று சுற்றிலும் பார்த்தேன்.

எனக்குப் பால் வந்தது. தாகத்தில் உயிர் போனது. ஆனாலும் டம்ளரைத் தொடாமல் இருந்தேன். பஞ்சு வாங்கிக்கொடுக்கிற பால், பஞ்சு கொடுக்கிற தண்ணீரில் சேர்த்தியா இல்லையா என்று தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டு, “கடைக்காரவுக குடுக்காக ஆத்தா, நான் இல்ல. குடி,” என்றார். அம்மா என் காதுக்குள் சொன்னது அவருக்கு எப்படிக் கேட்டது என்று யோசித்துக்கொண்டே குடித்தேன்.

வளைவுக்கு அந்தப் பக்கம் ஹாரன் கேட்டது. வண்டி இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்குள் பஞ்சு எழுந்துவிட்டார். பாதி குடித்த டீயைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு, கடைத் தூணுக்கு வெளியே, கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் போய் நின்றார். “எந்தா சேச்சி?” என்று கடைக்காரர் கேட்டார். ஒரு நொடிக்கு முன் சிரித்த முகத்தைப் பஞ்சு எங்கே வைத்தார் என்று தெரியவில்லை.

அம்மா வண்டி நிற்குமுன் குதித்து ஓடிவந்து என்னை அள்ளிக்கொண்டாள். கை, கால், முதுகு எல்லாம் தடவிப் பார்த்தாள். நனைந்த கவுனைப் பார்த்தாள். “நடந்தா வந்தா? தூக்கிட்டா வந்த?” என்று கேட்டாள்.

“நடந்துதான் வந்துச்சு தாயி,” என்றார் பஞ்சு. “கம்பப் பிடிச்சுக்கிட்டுக் கெட்டிக்காரியா வந்துச்சு.”

பெரியவர்கள் இவ்வளவு கூசாமல் பொய் சொல்வார்கள் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. என்னைக் கெட்டிக்காரி ஆக்குவதற்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். டிரைவர் அண்ணன் வேறு பக்கம் திரும்பி நின்றார். அம்மா ஏதோ பெரிய பாரம் இறங்கியது போல மூச்சு விட்டாள்.

தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தின் முன்னால் மாமா நின்றிருந்தார். வண்டியில் போனவர்கள் பெயர் கூப்பிடும்போது இருந்தார்கள். அம்மாவும் பெயருக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் என்னைத் தேடித் திரும்ப வந்திருந்தாள்.

“பேரு கூப்புடும்போது எங்க போயிருந்த பஞ்சு?”

“பிள்ளயக் கூட்டியாந்தேன்யா.”

“அது சரி. நேரத்துக்கு ஆளு இல்ல. அரைக்கூலிதான்.”

“வண்டி மெட்டத் தாண்டுனதே எங்க காலாலதான்,” என்று செல்வி முணுமுணுத்தாள். மாமா காதில் விழாதவர் போல இருந்தார். அம்மாதான் கொஞ்சம் முன்னால் வந்தாள். “அண்ணே, எம் பிள்ளையாலதான...”

“அப்ப ஒங்கூலியில பிடிக்கவா தங்கச்சி?”

நடு சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அம்மா காயெடுக்கிற பையை இடுப்பில் கட்டிக்கொண்டு செடிகளுக்குள் போய்விட்டாள். சாயங்காலம் வண்டியேறும்போது யாருக்கும் கேட்காமல், “அந்த அரைக்கூலிய நான் தந்துர்றேன் பஞ்சு. சம்பளம் வரட்டும்,” என்றாள். “இருக்கட்டும் தாயி,” என்றார் அவர்.

அடுத்த திங்கட்கிழமை படியோரத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள் என்று அம்மா சித்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பஞ்சு கூடலூர் வண்டிக்குப் போகிறாராம்.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்று நானும் அதே ஜீப்பில் ஏறியபோது, எனக்கு நடு சீட்டில் தயாராக இடம் இருந்தது. அந்தப் பாறை மறைவில் மாமா திரும்பிப் பார்க்காமல் எத்தனை பேர் என்று மட்டும் சொல்ல, பின்னாலிருந்து கேள்வியில்லாமல் இறங்கிப் போனார்கள். அன்று என் அம்மா எதற்குப் பயந்து உட்கார்ந்தாள் என்று அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. காட்டில் மேய்ந்த மாட்டைவிட அவளை மிரட்டியது அவளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டு பெண்களின் கண்கள்.

எட்டு வயதில் அதெல்லாம் தெரியவில்லை. பிந்தி வந்தால் வகுப்புக்கு வெளியே நிறுத்துவார்கள் அல்லவா, கூலியைப் பிடிப்பதும் அதுபோலத்தான் என்று நினைத்தேன். தருகிறேன் என்று அம்மா சொன்னதை அவளுடைய தாராள மனசு என்றுகூட நினைத்தேன். அது தாராளம் இல்லை, கடன் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மா அதைக் கொடுக்கவும் இல்லை. எப்போதாவது நினைவுபடுத்தினால், “அவளே கேக்கல, ஒனக்கு என்னடி,” என்பாள்.

அந்த வருஷம் பெண்ணாளுக்கு ஒரு நாள் கூலி நூற்றியிருபது. எங்கள் வீட்டில் நிற்கிற பாக்கி அறுபது ரூபாய்.